கருப்பு ஆடு செல்லும் பேருந்து

எந்த ஊருக்கு சார்? ராஜபாளையமா? மூணே முக்காலுக்கு வண்டி. மணி இப்ப மூணுதான ஆவுது. உக்காருங்க. இந்தத் தூணுப் பக்கமா வாங்க, அங்கன வெயிலு அடிக்கும். எட்டி எட்டிப் பாக்க வேண்டாம், வண்டி நடைமேடைக்கு வந்தா மைக்குல சொல்லுவாவ. அதுக்குத்தான நகராட்சியில ஒரு ரூமு, ஒரு கம்ப்யூட்டரு, எட்டு ஸ்பீக்கருன்னு வச்சிருக்கு.

அந்த மைக்குல வார குரலு இருக்குல்லா, அது நான்தான்.

பாத்தீங்களா, சிரிக்கீங்க. எல்லாரும் இப்படித்தான் பாக்காவ. தகர டப்பாவத் தரையில இழுக்குத மாதிரி ஒரு தொண்டைய வச்சிக்கிட்டு இந்தம்மா என்ன கதை விடுதுன்னு. நாலு வருசத்துக்கு முன்னால கழுத்துல ஆபரேசன் சார். இந்தா பாருங்க தழும்பு. கட்டிய எடுத்தாவ, கூடவே குரலும் போயிட்டு. டாக்டரு சொன்னாரு, உசிரு இருக்குல்லாம்மா, அதப் பாருங்கன்னு. அவருக்கு என்ன, அவரு குரலு அவருகிட்ட இருக்கு.

ஆனா அதுக்கு ரெண்டு வருசம் முன்னாலயே என் குரலப் புடிச்சு கம்ப்யூட்டருல வச்சுட்டாவ. ஒரு வாரம் உக்காந்து சொன்னேன். தென்காசி, சங்கரன்கோவில், கோவில்பட்டின்னு நூத்திப் பத்து ஊரு. ஒண்ணுல இருந்து அறுவது வரைக்கும் நம்பரு. "செல்லும் பேருந்து." "நடைமேடையிலிருந்து." "இன்னும் சற்று நேரத்தில்." ஒவ்வொண்ணாச் சொல்லணும். இப்ப நான் பட்டன மட்டும் அமுக்குவேன், அது துண்டு துண்டா எடுத்துக் கோத்து, கணீர்னு பேசும். எங்க வீட்டுக்காரரு சில நாளு சாயங்காலம் இங்கன வந்து, இதே பெஞ்சுல, சும்மா உக்காந்துட்டுப் போவாரு. ரூமுக்குள்ள வந்து என்ன எட்டிப் பாக்க மாட்டாரு. இந்த ஸ்பீக்கருக்குக் கீழதான் உக்காருவாரு. எனக்குத் தெரியாதுன்னு நினைப்பு.

அந்தக் குரல ரெண்டு வாரத்துக்கு முன்னால என்கிட்ட இருந்து புடுங்கப் பாத்தாவ சார். மெட்ராஸ்ல இருந்து ஏதோ கம்பெனி, மிசினே பேசுமாம், ஆளு குரலே வேண்டாமாம். எல்லாத்துக்கும் காரணம் எங்க ரூமுல தட்டிக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்காரே, அந்த மனுசன்தான்.

பேரு ஞானதுரை. காணாமல் போனவை பிரிவு. பிள்ளையத் தொலைச்சவங்க, பையத் தொலைச்சவங்க, ஆட்டத் தொலைச்சவங்க எல்லாம் அவருகிட்டதான் போவாவ. ஆடுன்னா சிரிக்கக் கூடாது, இங்க செவ்வாக்கிழமை ஆட்டுச்சந்தை. சந்தை முடிஞ்சா பஸ் ஸ்டாண்டு முழுக்க ஆடுதான், அதுல வாரத்துக்கு நாலு ஆடாவது கயித்த அத்துக்கிட்டு ஓடிரும். அதுகளுக்கும் மைக்குல சொல்லித்தான ஆவணும்? அவரு கம்ப்யூட்டருல அதுக்குன்னு தனிப் புரோகிராம், அதுக்கும் குரலு நான்தான். எனக்கு ஒரு வருசம் கழிச்சு அவருக்கு வந்துச்சு. அப்பல்லாம் நான் அவர அண்ணாச்சி அண்ணாச்சின்னு கூப்பிட்டுக்கிட்டு ஒரே பாசமா இருப்பேன், அதனால சும்மாவே குரலு குடுத்தேன். நானூறு பேரு சொன்னேன் சார். மாரியம்மா, முத்துச்செல்வன், பாத்திமா, அந்தோணி. முதல்ல மைக்க சோதிக்க என் பேரையே சொன்னேன், ஆவுடைத்தங்கம்னு. அப்புறம் வயசு, கலரு, சட்டை, பாவாடை, சேலை, அழுதுகொண்டிருக்கிறது, ஆடு, கொம்பு, வாலு. எதையும் விடல.

அவருக்கு அந்தப் புரோகிராம் எழுதுனப்ப ஒருநா வந்து கேட்டாரு. "தங்கம், இதுக்குள்ள முதல்ல ஏதோ ஒரு பெட்டிக்குப் பேரு வைக்கணுமாம், என்ன வைக்கன்னு எழுதுத ஆளு கேக்கான். உன்னுதுல என்ன வச்ச?" நான் சொன்னேன், "பிள்ளையாருன்னு வைங்க அண்ணாச்சி. எதத் தொடங்குனாலும் முதல்ல அவரத்தான வைக்கணும். என்னுதுல அப்படித்தான் வச்சேன், ஒரு வருசமா ஒரு தும்மலு இல்ல." அவரு தலையச் சொரிஞ்சிக்கிட்டு, "நான் ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போறவனாச்சே, எனக்கும் வேலை பாப்பாரா?"ன்னாரு. "பேஷாப் பாப்பாரு, அவரு ஆளு பாத்தா வேலை செய்யுதாரு?"ன்னேன். அந்த அளவுக்கு ஒத்துமையா இருந்தோம்னு சொல்ல வாரேன். இது கதைக்கு வேண்டாம், விடுங்க.

அப்படி இருந்த மனுசன் என்ன பண்ணுனாரு தெரியுமா? சொல்லவே நாக்கு கூசுது.

ஆபரேசன் முடிஞ்சு ஒரு வருசம். மாத்திர சாப்பிட்டுச் சாப்பிட்டு முடியெல்லாம் கொட்டிட்டு. நான் ஒரு சவுரி வச்சிக்கிட்டு வருவேன். அதுல என்ன தப்பு? ஒருநா பஸ்ஸுல கூட்டம், இறங்குத அவசரத்துல எங்கயோ மாட்டி உருவிட்டு. எனக்கே தெரியாது. கண்டக்டரு எடுத்துக் கொண்டுபோயி அவருகிட்டக் குடுத்துட்டாரு. அவருக்கு அது யாருதுன்னு தெரியும். தட்டியத் தட்டி, தங்கம் இந்தான்னு நீட்டிருக்கலாம்லா? மாட்டாராம். விதிப்படி மைக்குல சொல்லணுமாம். சரி, சொன்னாரே, ஒழுங்காச் சொன்னாரா? சவுரின்னு ஒரு வார்த்தை நான் சொல்லி வச்சதுல எங்கயும் இல்ல. கிட்டத்தட்ட எது இருக்குன்னு தேடிருக்காரு. பஸ் ஸ்டாண்டு முழுக்க, சந்தை நாளு வேற, என் குரல்லயே, கணீர்னு வருது:

"காணாமல் போன, கருப்பு நிற, வால் ஒன்று, கிடைத்துள்ளது. உரிமையாளர், ஆவுடைத்தங்கம், அறிவிப்பு அறைக்கு வந்து பெற்றுக்கொள்ளவும்."

சிரிங்க, சிரிங்க. ஊரே சிரிச்சிச்சு. நீங்க மட்டும் என்ன. கடலை விக்கவன், டிக்கெட் எடுக்கவன், சின்னப் பிள்ளைய எல்லாம், யக்கா வாலு கிடைச்சிட்டாங்கும். நான் வீட்டுல போயி அழுதேன் சார். வேற எவ குரல்லயாவது சொல்லிருந்தாக்கூடப் பொறுத்திருப்பேன். போன குரலு அது. அதுலயா?

அன்னைக்கு நிறுத்துனதுதான் பேச்சு. மூணு வருசம். தட்டிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவரு. ஏதும் சொல்லணும்னா துண்டுச் சீட்டுல எழுதித் தட்டிக்கு அடியில தள்ளுவேன். "ஃபேன குறைக்கவும்." அங்கேருந்து வரும், "குறைத்தாயிற்று." அம்புட்டுதான். பேரும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது.

போன மாசம், ஐப்பசி மழையில அவரு கம்ப்யூட்டரு மேல ஒழுகி, அது செத்துப்போச்சு. புதுசு கேட்டா நகராட்சியில தருவாவளா? ஒரு கம்ப்யூட்டரு போதும், ரெண்டு புரோகிராமையும் ஒண்ணுலயே போடுங்கன்னு உத்தரவு. என் கம்ப்யூட்டருல அவருதையும் கொண்டாந்து ஏத்திட்டாவ. மிசின் ஒண்ணு, திரை ரெண்டு, கீபோர்டு ரெண்டு. தட்டியில ஓட்டை போட்டு வயர அந்தப் பக்கம் விட்டாவ. எனக்கு அன்னைக்கே பிடிக்கல. என் வீட்டு அடுக்களையில வந்து அவரு சமைக்க மாதிரி இருந்துச்சு.

மறுநாள் காலம்பற சங்கரன்கோவில் வண்டி வந்து நிக்கி. நான் பட்டன அமுக்குதேன். மைக்குல வருது: "பெயர், சங்கரன்கோவில். வயது, மூன்று. அறிவிப்பு அறையில் அழுதுகொண்டிருக்கிறது. பெற்றோர் உடனே வந்து பெற்றுக்கொள்ளவும்."

எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. மூணாவது நடைமேடை, அதத்தான் வயசு மூணுன்னு சொல்லுது. சங்கரன்கோவிலு போற சனமெல்லாம் மூட்டை முடிச்சோட எங்க ரூமு வாசல்ல வந்து நிக்காவ, இங்கனதான் வண்டி வருமாம்னு. அவுங்கள விரட்டி முடிக்கல, அடுத்தது: "கருப்பு ஆடு செல்லும் பேருந்து, நான்காவது நடைமேடையிலிருந்து, இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்." அது அவரு எவனோ தொலைச்ச ஆட்டுக்காக அமுக்குனது. நாலு வயசு ஆடு. நாலாவது நடைமேடையில ரெண்டு பேரு ஆட்டோட வந்து நின்னாவ சார். ஆட்டுக்குன்னே தனி வண்டி விட்டுட்டாவளாம்.

நான் என்ன நினைப்பேன்? நீங்களே சொல்லுங்க. வாலுன்னு சொன்ன மனுசன், இப்ப என் கம்ப்யூட்டருக்குள்ளயே வந்து உக்காந்துட்டாரு. வேணும்னே பண்ணுதாரு. சீட்டு எழுதித் தள்ளுனேன்: "விளையாட்டு வேண்டாம்." திரும்பி வருது: "அதையே நானும் கேட்டுக்கொள்கிறேன்." எப்படி இருக்கு திமிரு!

சரின்னு நானும் சும்மா இருக்கல. அவரு ஒருதரம் அமுக்குனா நான் ரெண்டுதரம் அமுக்குனேன். அவரு நாலு. நான் எட்டு. தட்டிக்கு ரெண்டு பக்கமும் டக் டக்குன்னு சத்தம்தான். பத்தாததுக்கு அவரு புரோகிராம நான் நைசா மூடி வச்சேன். அவரு அந்தப் பக்கத்துல இருந்து என்னுத மூடுனாரு. மறுபடி திறந்தா, முந்தாநாளு அமுக்குனதெல்லாம் இப்ப வருது. செவ்வாக்கிழமை காணாமப் போன ஆடு வியாழக்கிழமை குத்தாலம் புறப்படுது. வைரஸ்ஸுன்னாவ. எலி வயரக் கடிச்சிட்டுன்னாவ. நான் திரைக்கு மேல எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டுனேன். மறுநா பாத்தா அவரு திரைக்கு மேல ஒரு சிலுவை. அப்புறம் ஒருநா பதினோரு மணிக்கு ரெண்டும் சேந்து வாயப் பொத்திக்கிடுச்சு. எத அமுக்குனாலும் பேச்சு மூச்சில்ல.

அன்னைக்குப் பாத்து நகராட்சித் தலைவரோட மாமியாரு தென்காசிக்குப் போக வந்திருக்காவ. அவுங்க இதே பெஞ்சுல உக்காந்திருக்க, கண்ணு முன்னாலயே மூணு வண்டி போயிட்டு. மைக்குல சொல்லுவாவன்னு அவுங்க பாட்டுக்கு முறுக்கு தின்னுக்கிட்டு இருந்திருக்காவ.

சாயங்காலமே கமிஷனரு ரெண்டு பேரையும் கூப்பிட்டாரு. "வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம். சரி பண்ணலன்னா மொத்தத்தையும் தூக்கிட்டு மெட்ராஸ் மிசினப் போட்டுருவேன். அதுல எதுவும் அழுவாது, ஆடும் பஸ் ஏறாது"ன்னுட்டாரு. நான் வெளிய வந்து படிக்கட்டுல அப்படியே உக்காந்துட்டேன். மிசின் வந்தா என் குரல என்ன பண்ணுவாவன்னு கேட்டேன் அங்க இருந்த கிளார்க்குகிட்ட. அழிச்சிருவாவ, வேற என்னன்னாரு. வேற என்னவாம்! நான் இனிமே திரும்பப் போயி அந்தத் தென்காசியச் சொல்ல முடியுமா சார், இந்தத் தொண்டைய வச்சிக்கிட்டு?

புதன்கிழமை ஒரு பொண்ணு வந்தா. நூருன்னிசா, கடையநல்லூர்ப் பிள்ளை, கலெக்டர் ஆபீசு கம்ப்யூட்டர் பிரிவு. நல்ல சூட்டிக்கையான பிள்ளை. வந்ததும் எலுமிச்சம்பழத்தப் பாத்தா, சிலுவையப் பாத்தா. ரெண்டு பேரும் கீபோர்டுல இருந்து கைய எடுங்கன்னா. மூடி வச்சிருந்ததத் திறந்தா. "ரெண்டு புரோகிராமும் ஓடட்டும். தங்கம் அக்கா மட்டும் தென்காசிய அமுக்குங்க, பத்துத் தடவ, நிதானமா. ஞானதுரை சார், நீங்க தொடவே கூடாது"ன்னா.

முதல்ல உள்ள அடைஞ்சு கெடந்த பழசெல்லாம் ஒரு கால் மணி நேரம் கொட்டி முடிஞ்சிச்சு. அப்புறம் நான் அமுக்குதேன். ஒண்ணு சரியா வருது. அடுத்தது வயசு ரெண்டு, அழுவுது. அடுத்தது சரி. அடுத்தது அழுவுது. பத்துக்கு அஞ்சு பழுது. ஒண்ணு விட்டு ஒண்ணு. நான் தட்டிக்கு மேல எட்டிப் பாத்தேன். அந்த மனுசன் அந்தப் பக்கம் ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு நிக்காரு. அவரு ஒண்ணும் பண்ணல.

"சரி, இப்ப சாரோட புரோகிராம்ல பேசுத பாகத்த மட்டும் நிறுத்துதேன்"னா. மறுபடி பத்து. பத்தும் தென்காசிக்கு ஒழுங்காப் போயிச்சு. உடனே கருப்பா ஒரு திரையத் திறந்து என்னமோ தட்டுனா. ரெண்டு வரி வந்துச்சு. பாத்துட்டு வாயப் பொத்திக்கிட்டு ஒரே சிரிப்பு.

அவ சொன்னத அப்படியே சொல்லுதேன், எனக்கே புரிஞ்சிட்டுன்னா பாத்துக்கிடுங்க. ஒவ்வொரு புரோகிராமும் ஒரு ஆளு இல்லையாம், ரெண்டு ஆளாம். ஒருத்தன் நாம அமுக்குனதச் சீட்டுல எழுதுவான். இன்னொருத்தன் அத வாசிச்சு மைக்குல பேசுவான். ரெண்டு பேரும் நேருக்கு நேரு பேசிக்கிட மாட்டானுவ. நடுவுல ஒரு பெட்டி. எழுதுனவன் சீட்டப் பெட்டியில போட்டுட்டுப் போயிருவான், பேசுதவன் வந்து எடுத்துக்கிடுவான். மிசினுக்குப் பெட்டிய அடையாளம் தெரியுதது பேர வச்சு மட்டும்தான். "ரெண்டு கம்ப்யூட்டருல இருந்தப்ப ரெண்டு பெட்டி. இப்ப ஒரே கம்ப்யூட்டரு, ஒரே பேரு. அதனால ஒரே பெட்டி. ரெண்டு பேரு சீட்டும் அதுலதான் விழுது. ரெண்டு பேசுதவனும் மாத்தி மாத்தி வந்து கையில கிடைச்சத எடுத்துட்டுப் போறான். ஆட்டுச் சீட்டு பஸ்காரன் கையில கிடைச்சா அவனுக்குத் தெரிஞ்ச மாதிரிதான வாசிப்பான்? நீங்க ரெண்டு பேரும் பேசுதவன மூடி வச்சிட்டு, அமுக்கி அமுக்கிப் பெட்டிய நிறைச்சுட்டீங்க, அதான் அன்னைக்குப் பேச்சே வரல. புரோகிராம மூடுனாலும் பெட்டிக்குள்ள கெடக்க சீட்டு அங்கேயேதான் கெடக்கும்"னா.

"அப்படி என்ன பேரு?"ன்னு கேட்டேன்.

"பிள்ளையார்"னா. "ரெண்டு பேரும் பிள்ளையார்னு வச்சிருக்கீங்க."

பாத்தீங்களா சார்! காப்பி! என் பெட்டிப் பேர எடுத்து அவரு வச்சிருக்காரு! நான் ஆறு வருசமா வச்சிருக்க பேரு. கமிஷனரே ரூமுக்கு வந்துட்டாரு. "எவன்யா ரெண்டாவது வச்சது?"ன்னு ஒரு சத்தம். இந்த மனுசன் எந்திரிச்சு நின்னாரு. என்னப் பாத்தாரு. எனக்குத் தெரியும், இப்ப ஏதோ சாக்கு சொல்லப் போறாருன்னு. ஆனா, "நான்தான் சார். அந்தம்மா வச்சிருந்ததப் பாத்து நானும் வச்சிட்டேன். அவுங்க மேல தப்பு ஒண்ணும் இல்ல"ன்னாரு.

ஒத்துக்கிட்டாரு சார்! தன் வாயாலயே! நான் மனசுக்குள்ள, அப்படி வாங்க வழிக்குன்னு நினைச்சேன். மூணு வருசத்துக்கப்புறம் அன்னைக்குத்தான் எனக்குச் சோறு இறங்குச்சு.

நூருன்னிசா சொன்னா, யாராவது ஒருத்தரு பேர மாத்துனாப் போதும், அஞ்சு நிமிச வேலைன்னு. நான் மாட்டவே மாட்டேன்னுட்டேன். ஓடிக்கிட்டு இருக்க பிள்ளையார எடுக்கவா? அவரு, "என்னுத மாத்திரு தாயி"ன்னாரு. புதுப்பேர அவரே தட்டுனாரு. மறுபடி அவளுக்கு அடக்க முடியாத சிரிப்பு. அப்புறமா நான் மல்லுக்கட்டிக் கேட்டதுல சொன்னா. என்ன பேரு வச்சிருக்காரு தெரியுமா? வால்!

எப்படிக் கொழுப்பு பாருங்க. தப்பு பண்ணிட்டு நிக்கும்போதும் வாலு.

அன்னையில இருந்து மிசின் அம்சமாப் பேசுது. என் குரலு தப்பிச்சிட்டு. மெட்ராஸ்காரன் வரல. அவருக்கு மெமோ குடுத்து, குப்பைக் கிடங்குக்கு மாத்திட்டாவ. அங்க வார லாரி நம்பர எழுதணுமாம், நாள் முழுக்க. இன்னைக்குத்தான் இங்க கடைசி நாளு. நாளையில இருந்து ரெண்டு பக்கமும் நானே அமுக்கணும், பஸ்ஸும் நான், ஆடும் நான். உள்ள நாலு பேரு வந்து அவருக்கு மால போட்டு, வடை சாப்பிட்டுக்கிட்டு இருக்காவ. எனக்கு அதெல்லாம் பாக்கப் பிடிக்கல, அதான் வெளிய வந்து உக்காந்தேன். ஜெயிச்சவ நான்லா, நான் எதுக்கு அங்க நிக்கணும்?

என்ன சார் கேட்டீங்க?

யாரு, அவருக்கா? கிறிஸ்தவரு எதுக்குப் பிள்ளையாருன்னு வச்சாருன்னா? அதான் சொன்னேனே, நான்தான...

நான் எப்ப சொன்னேன்? முன்னாலயா? ஆமா. சொன்னேன். நான்தான் வைக்கச் சொன்னேன். ஆனா ஒத்துமையா இருந்த காலத்துல சொன்னது சார் அது. நான் என்ன காப்பி அடிங்கன்னா சொன்னேன்? பிள்ளையாருன்னு வைங்கன்னுதான சொன்னேன். அதுக்குள்ள பெட்டி, சீட்டு, எடுக்கவன், போடுதவன்னு இருக்குன்னு நான் கண்டேனா?

அவருக்கு ஞாபகம் இருக்காது.

இருக்கும். எல்லாம் இருக்கும் அந்த மனுசனுக்கு. சவுரிக்குள்ள நான் எத்தன ஊசி குத்தியிருந்தேன்னு எண்ணி வச்சிக் குடுத்த ஆளு. எனக்கு ஆபரேசன்னு ரெண்டு மாசம் நான் படுத்துக் கெடந்தப்ப, தட்டிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடி ஓடி ரெண்டு பட்டனையும் அமுக்குனது அவருதான். அப்ப நான் அண்ணாச்சின்னு கூப்பிட்டுக்கிட்டு இருந்தேன்.

அப்ப ஏன் சார் சொல்லல? "இந்தம்மாதான் வைக்கச் சொன்னா"ன்னு ஒரே ஒரு வார்த்தை. கமிஷனரு அன்னைக்கு இருந்த கோவத்துக்கு, என்னக் குப்பைக்கு அனுப்பிட்டு, குரலையும் புடுங்கி எறிஞ்சிருப்பாரு. அது அவருக்குத் தெரியும். என்னப் பாத்தாரே, அப்ப அதத்தான் பாத்திருக்காரு. நான் என்னடான்னா, சாக்குத் தேடுதாருன்னுல்லா நினைச்சிக்கிட்டு நின்னேன். சோறு இறங்குச்சாம் எனக்கு, சோறு! வெக்கம் கெட்டவ.

எம்புட்டுத் திமிரு பாத்தீங்களா அவருக்கு. சொல்லாமலே போயிரலாம்னு பாத்திருக்காரு. இருக்கட்டும்.

செத்த இருங்க சார். மைக்கு.

"பெயர், ஆவுடைத்தங்கம். வயது, அறுபது. பச்சை நிறச் சேலை. காணவில்லை. எங்கிருந்தாலும் உடனே அறிவிப்பு அறைக்கு வரவும். பேருந்துகள், அழுதுகொண்டிருக்கிறது."

அறுபதா? எனக்கா? அம்பத்தொண்ணு சார்! எப்படி மானத்த வாங்குதாரு பாருங்க, என் குரல்லயே, கடைசி நாளும் அதுவுமா! அங்க எல்லாவனும் சிரிக்கான் பாருங்க. நல்லாத்தான் இருக்குல்லா ஆனா, அந்தக் குரலு? அது என் பேரச் சொல்லி நான் கேட்டு மூணு வருசம் ஆச்சு.

நீங்க எங்க ஓடுதீங்க? ராஜபாளையமா? ஐயோ, மணி என்ன? நாலே காலா? அது போயிருக்குமே சார். மைக்குல சொல்லலியேன்னா, யாரு சொல்ல? அந்தப் பட்டன அமுக்க வேண்டியவ நான்லா. நான் இங்கனல்லா உக்காந்திருக்கேன் உங்ககிட்ட.

கோவப்படாதீங்க. அஞ்சு மணிக்கு அடுத்த வண்டி இருக்கு. நான் இப்ப உள்ள போயி ஒரு ஆள நல்லா நாலு கேள்வி கேக்கணும். அப்புறம் கமிஷனரு ஆபீசு வரைக்கும் போணும், பூட்டுததுக்கு முன்னால. ரெண்டாவது வச்சது யாருன்னு கேட்டாரே தவிர, வைக்கச் சொன்னது யாருன்னு அவரு கேக்கவே இல்லல்லா. குரலு போனாப் போவுது. அதச் சொல்லணும். நான் இல்லாட்டா என்ன, அண்ணாச்சிகிட்டச் சொல்லி வச்சிட்டுப் போறேன். வண்டி வந்ததும் உங்களப் பேரு சொல்லியே கூப்பிடுவாரு.

பேரு என்ன சார்? அருணாசலமா? சரி, அது நானூறுக்குள்ள இருக்கு. வயசு? நீல நிறச் சட்டை. வேற ஏதும் அடையாளம் உண்டா? கொம்பு, வாலு?